பள்ளி ஊருக்குள்ளேயே இருக்கட்டும்

கரையேறியதும் வலையைக்கூட உதறாமல் இங்கே வந்து சேர்ந்திருக்கும் சகோதரர்களே, கைக்குழந்தைகளோடு மணலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே,

நம்முடைய உயர்நிலைப் பள்ளியை இப்பொழுது இருக்கும் இடத்திலிருந்து எடுத்து, ஊருக்கு மேற்கே நான்கு கிலோமீட்டர் தொலைவில், இராமநாதபுரம் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் விஸ்தாரமான ஒரு நிலத்தில் அமைத்துவிட வேண்டும் என்னும் பிரேரணை, சில மாதங்களாகத் தேநீர்க் கடைகளிலும் மீன் ஏலக் கொட்டகையிலும் பேசப்பட்டு, இப்பொழுது தீர்மானமாக எழுதப்பட்டு, அடுத்த கிராமசபையின் முன் வரவிருக்கிறது. அந்தப் பிரேரணையை நான் எதிர்க்கிறேன். அதைக் கொண்டுவந்தவர்கள் ஊரின் நன்மையை நாடாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களில் பலருடைய பிள்ளைகளுக்கு இதே பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான், அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் காரியமும் ஏழைக் குழந்தையின் படிப்பை நடுவழியில் நிறுத்திவிடக்கூடும் என்பதால், அவர்கள் சொல்லும் நியாயங்களை எடுத்து உங்கள் முன்னிலையில் பரிசீலிக்க விரும்புகிறேன்.

அந்த நியாயங்களுள் மிகவும் கனமானது குழந்தைகளின் பாதுகாப்பு. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்தில் நெருக்கமான தெரு ஒன்றில் இருந்த பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட எந்தத் தகப்பனும் நம் பள்ளியின் குறுகலான வாசலைப் பார்த்து அஞ்சாமல் இருக்க முடியாது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தக் குழந்தைகளின் உயிரைக் குடித்தவை எவை என்று நிதானமாகப் பார்ப்பது நம் கடமை. சமையற்கட்டிலிருந்து கிளம்பிய நெருப்பு, அதை ஏந்திக்கொண்ட கீற்றுக்கூரை, ஓடி இறங்க முடியாத குறுகிய படிக்கட்டு, இடம் கொள்ளாமல் நெருக்கி உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள் ஆகிய இவையே அந்தப் பயங்கரத்தின் காரணங்கள். இதே பிழைகளைப் பொட்டல் வெளியில் கட்டிய கட்டிடத்திலும் செய்யலாம். ஊர் நடுவே இருக்கும் கட்டிடத்திலும் திருத்தலாம். நம் பள்ளியில் அடுப்பை வகுப்பறைகளை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். தெற்குச் சந்துப் பக்கம் இரண்டாவது வாசலைத் திறவுங்கள். மாடிக்கு இன்னொரு படிக்கட்டு அகலமாக எழுப்புங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு புதிய கட்டிடத்தின் செலவில் ஒரு சிறு பங்குதான். பாதுகாப்பைக் கருதுகிறவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். இராமேசுவர யாத்திரைக்காக இரவு பகல் பாராமல் ஓடும் பேருந்துகளும் வேன்களும், ஐஸ் பெட்டிகளைச் சுமந்து விரையும் மீன் லாரிகளும் நிறைந்த அந்தச் சாலையை, பதினோரு வயதுப் பிள்ளைகள் காலையும் மாலையும் குறுக்கே கடந்து பள்ளிக்குப் போக வேண்டும் என்கிறார்களே, அது எந்த வகையில் பாதுகாப்பு ஆகும்?

நான்கு கிலோமீட்டர் ஒரு தூரமா என்று கேட்கிறார்கள். மோட்டார் வண்டி உள்ளவருக்கு அது தூரம் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்மானிக்க வேண்டியது யாருடைய கால்களை அளவாகக் கொண்டு என்பதுதான். நம் குப்பத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையின் காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். தாய் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவள். நீர் வற்றும் நேரம் பார்த்து விடியுமுன்னே கையுறையாகத் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். தகப்பன் விசைப்படகில் கூலிக்குப் போனவன் இன்னும் கரைக்குத் திரும்பவில்லை. அந்தப் பெண்தான் மணலில் தோண்டிய ஊற்றில் கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நீர் மொண்டு குடத்தை நிரப்புகிறாள், சோறு வடிக்கிறாள், தம்பிக்குச் சட்டை மாட்டி அங்கன்வாடியில் கொண்டுபோய் விடுகிறாள். பிறகு முதல் மணி அடிக்கும் ஓசை கேட்டபின் ஓடத் தொடங்கி, இரண்டாம் மணி ஓய்வதற்குள் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். மணியோசை எட்டுகிற தூரத்தில் பள்ளி இருப்பதால் மட்டுமே அந்தப் பெண் மாணவியாக இருக்கிறாள். பள்ளியை நான்கு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அவளுடைய காலைப் பொழுதிலிருந்து ஏதேனும் ஒன்று கழிந்தாக வேண்டும். தண்ணீரைக் கழிக்க முடியாது, சோற்றைக் கழிக்க முடியாது, தம்பியைக் கழிக்க முடியாது, பள்ளியைத்தான் கழிப்பார்கள். அப்பொழுது அவள் படிப்பை நிறுத்திய குற்றம் அந்த ஏழைத் தாயின் தலையில் சுமத்தப்படும். தீர்மானத்துக்குக் கை தூக்கிய நம்மை யாரும் கேட்கமாட்டார்கள்.

அரசாங்கம் மிதிவண்டி தருகிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். தருகிறது, அது நல்ல திட்டம். ஆனால் அந்த மிதிவண்டி பதினோராம் வகுப்பில் கிடைக்கிறது, நம் பள்ளியோ பத்தாம் வகுப்போடு முடிகிறது. பேருந்தில் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லையே என்கிறார்கள். கட்டணம் இல்லைதான், ஆனால் நம் ஊருக்குள் வந்து திரும்பும் பேருந்து காலையில் எத்தனை முறை வருகிறது, அதில் ஏற்கெனவே எத்தனை பையன்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதை நீங்கள் தினந்தோறும் காண்கிறீர்கள். பேருந்தைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோ. அதற்குக் காசு வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதையும், பள்ளிகள் அந்தத் தடை முடியும் முன்னரே ஜூன் மாதத்தில் திறந்துவிடுகின்றன என்பதையும் இங்கே உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் வருமானமே இல்லாத, அடகு வைக்க மிச்சம் ஒன்றும் இல்லாத அந்த வாரங்களில், நோட்டுப் புத்தகத்துக்கே வழி தேடும் குடும்பம் தினசரி ஆட்டோக் கூலிக்கு எங்கே போகும்? நடந்து போகட்டும் என்றால், ஆனியிலும் ஆடியிலும் வீசும் கச்சான் காற்றில், முகத்தில் மணல் அறைய, மேற்கு நோக்கி நான்கு கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டு அவர்கள் அதைச் சொல்லட்டும்.

விதிக்கு உட்பட்ட தூரம்தானே என்றும் வாதிக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்பது மத்திய அரசுத் திட்டத்தின் அளவு என்பது மெய்தான். ஆனால் நம் பள்ளி ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி நம் மாநிலம் வகுத்த விதிகளில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டர் என்றுதான் எல்லை கட்டியிருக்கிறது. ஆகவே அவர்கள் நாடும் விதியே அவர்களுடைய தீர்மானத்தைப் பாதிக்குமேல் மறுத்துவிடுகிறது.

இனி, இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் ஒரு பெயரைப் பற்றிப் பேச வேண்டும். இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்த அப்துல் கலாம் அவர்கள், ஆரம்பப் பள்ளியை ஊரில் முடித்துவிட்டு, தீவைத் தாண்டி, இராமநாதபுரத்து ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். வீட்டு நினைவில் வாடினார். ஆயினும் படித்தார், குடியரசுத் தலைவராகவும் ஆனார். அவர் அத்தனை தூரம் போகவில்லையா, நம் பிள்ளைகள் நான்கு கிலோமீட்டர் போகக்கூடாதா என்று கேட்கிறார்கள். அந்த மகானின் பெயரால் இந்த வாதம் வைக்கப்படுவது என் மனத்தை வருத்துகிறது. அவர் போனார், அவரோடு அதே ஆரம்பப் பள்ளியில் பலகையில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் பாம்பன் பாலம் தாண்டிப் போனார்கள்? அவருக்குக் கல்வியின் அருமை உணர்ந்த ஒரு தந்தை இருந்தார், ஊக்கம் ஊட்டிய நண்பர் ஜலாலுத்தீன் இருந்தார். பின்னாளில் சென்னையில் விமானப் பொறியியல் படிக்கப் பணம் இல்லாதபோது தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்த தமக்கை ஜோஹரா அம்மையார் இருந்தார். அந்தத் தமக்கையைப் போன்ற பெண்கள் அக்காலத்தில் எத்தனை பேர் உயர்நிலைப் பள்ளிக்காக ரயில் ஏற முடிந்தது? தீவில் ஓர் உயர்நிலைப் பள்ளி அன்று இருந்திருந்தால் இந்தக் கடற்கரையிலிருந்து இன்னும் எத்தனை மேதைகள் கிளம்பியிருப்பார்கள் என்று கேட்பதே அவருடைய வாழ்க்கைக்கு நாம் செய்யும் மரியாதை.

தூரத்தின் கொடுமை இந்த மாவட்டத்துக்குப் புதிது அன்று. 1910ஆம் ஆண்டு இராமநாதபுரம் ஜில்லா உருவாக்கப்பட்டது; ஆனால் அதன் கலெக்டர் கச்சேரி மதுரையில் இருந்தது. 1985இல் ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்படும் வரை, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம், கலெக்டரிடம் ஒரு மனுக் கொடுக்கவும் நம் முன்னோர் நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தார்கள். வசதியுள்ளவர்கள் போய்க் காரியம் சாதித்துக்கொண்டார்கள், இல்லாதவர்கள் மனுவையே கைவிட்டார்கள். இதற்கு நேர் எதிரான சிந்தனையும் இதே ஜில்லாவின் மண்ணிலிருந்துதான் எழுந்தது. அந்தப் பிரிவினை வரை இராமநாதபுரம் ஜில்லாவில் அடங்கியிருந்த விருதுநகரில் பிறந்த காமராசர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் துணையோடு பள்ளிகளைக் குக்கிராமங்களுக்குக் கொண்டுபோனார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று கூட்டி, மேசையும் மணியும் நிலமும் ஜனங்களே மனமுவந்து கொடுக்கச் செய்தார். ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்று அக்காலத்தில் அளவு வைத்தார்களே, அது பள்ளியே அறியாத இடங்களை நோக்கிப் பள்ளி நடந்து வந்த கணக்கு. குழந்தையின் பக்கத்தில் இருக்கும் பள்ளியைப் பெயர்த்துக்கொண்டு போவதற்கு அந்தக் கணக்கை யாரும் சான்றாகக் காட்டலாகாது. நம் பள்ளியும் படகுக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துக் கட்டியதுதான். அதன் வடக்குச் சுவருக்குக் கல் சுமந்தவர்களின் பேரர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

புதிய நிலத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். அங்கே போய் நின்று பார்த்தவர்கள் கருவேலங்காட்டைப் பார்த்திருப்பார்கள். காட்டை வெட்டிவிட்டால் மைதானம் ஆகிவிடும் என்று எண்ணியிருப்பார்கள். ஆனால் நம் முன்னோர் மேட்டில் குடியேறினார்கள், பள்ளத்தை நீருக்கு விட்டார்கள். சீமைக் கருவேலம் மண்டுவதற்கு முன் அந்தப் புதிய நிலமும் கண்மாய்க்கு நீர் வந்து சேரும் பள்ளம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இந்தச் சீமையில் மழை எப்படிக் கொட்டும், கொட்டிய நீர் உவர்க்களியில் இறங்காமல் எத்தனை நாள் தேங்கி நிற்கும் என்பதை அங்கே ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள். பார்ப்பதற்கு விசாலமாக இருக்கிறது என்பதற்காக நீரின் இடத்தில் குழந்தைகளைக் கொண்டுபோய் உட்காரவைப்பது விவேகம் ஆகாது.

பள்ளிகள் இடம் மாறவே கூடாது என்பது என் வாதம் அன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயில் நிலையம், தபாலாபீஸ், கோயில், மாதா கோவில், பள்ளி எல்லாம் போயின. ரயில் வண்டியே பிரயாணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதில் தவறு காண முடியாது. ஆனால் அதன்பின் என்ன நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஸ்தாபனங்கள் இராமேசுவரத்துக்குப் போய்விட்டன. மீனவக் குடும்பங்களோ மீன் கிடைக்கும் அந்த மணலுக்கே திரும்பி வந்து குடிசை போட்டன. அரிச்சல்முனை வரைக்கும் நல்ல சாலை வந்தது 2017இல்தான். அதுவரை இரண்டு தலைமுறைக் குழந்தைகள், மேல்வகுப்பு என்றால் மணல் தாண்டி, மீன் ஏற்றும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, இராமேசுவரம் வர வேண்டியிருந்தது. கட்டிடத்தைத் தீர்மானத்தால் நகர்த்திவிடலாம், பிழைப்பை நகர்த்த முடியாது. கடலுக்கு அப்பால் இலங்கையையும் பாருங்கள்: காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தது, கால் நூற்றாண்டு கழித்து நிலம் விடுவிக்கப்பட்டதும் அந்த ஜனங்கள் தங்கள் பள்ளியைத் தங்கள் மண்ணுக்கே மீட்டுக்கொண்டு போனார்கள். அவர்களைப் பீரங்கி விரட்டியது. நம்மை விரட்டுவது எது?

அந்தக் கேள்வியோடு ஒட்டிய இன்னொரு கேள்விக்கு எழுத்து மூலம் பதில் வேண்டும். பள்ளி போய்விட்டால், கடைத்தெருவுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பழைய மனை என்ன ஆகும்? தீர்மானத்தின் எந்த வரியிலும் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஊரில் மிகவும் விலையேறிய நிலம் அது. அதன் கதி சொல்லப்படாத தீர்மானத்துக்கு ஊர் ஜனங்கள் சம்மதம் தரக்கூடாது.

விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறீர்களா? எனக்கும் சம்மதம்; மேட்டுப்பாங்கான வேறு நிலம் பார்த்து மைதானம் அமையுங்கள், வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளை ஆசிரியர்கள் அழைத்துப்போகட்டும். மேற்கே பெருகிவரும் குடியிருப்புகளுக்குப் பள்ளி வேண்டுமா? இன்னொரு பள்ளி கேளுங்கள். அந்தப் போராட்டத்தில் உங்களுக்கு முன்னால் நான் நிற்பேன். இருப்பதை அங்கே கொடுத்துவிட்டு இங்கே வெறுமையாக்காதீர்கள்.

அக்டோபர் 2ஆம் நாள் கிராமசபை கூடுகிறது. அதற்கு முன் நமது ஆட்சேபணை மனு மாவட்ட ஆட்சியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போய்ச் சேர வேண்டும். மனு மேடைக்கு வலப்பக்கம் அந்த மேசையில் இருக்கிறது. கூட்டம் கலைந்ததும் தாய்மார்கள் முதலில் வரிசையில் வாருங்கள். எழுதத் தெரிந்த மகள் கூட வந்திருந்தால் உங்கள் பெயரை அவளே எழுதட்டும், பக்கத்தில் நீங்கள் கைந்நாட்டு வையுங்கள்.