கல்லைக் கரைக்கும் நீரும் கல்லாகிப்போகும் உள்ளமும்

(ஜும்ஆ உரை)

வானிலிருந்து அளவோடு மழையை இறக்கி, வறண்ட பூமிக்கு உயிரூட்டும் வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



மேல்சித்தாமூரிலிருந்து மேற்கே செஞ்சியை நோக்கிச் செல்வோர், உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் குவிந்து கிடக்கும் குன்றுகளைக் காண்கிறார்கள். ராஜகிரிக் கோட்டையின் அடிவாரத்தில் சாதத்துல்லாகான் பள்ளிவாசலைப் பார்க்கச் சென்றவர்களும் அந்தப் பாறைகளை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். “இவற்றை அங்கே தூக்கி வைத்தது யார்?” என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. எந்த மனிதனும் தூக்கி வைக்கவில்லை. அல்லாஹ்வின் கட்டளைப்படி மழைநீர் செய்த வேலை அது.

பாறை உருண்டையான விதம்

அந்தக் கருங்கல் பூமியின் ஆழத்தில் உருவாகிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் அதில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் மட்டுமே இருந்தன. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் இலேசான அமிலத்தன்மை பெறுகிறது. அது விரிசல்களில் கசிந்து, கல்லிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமத்தைச் சிறிது சிறிதாகக் களிமண்ணாக மாற்றுகிறது. கல்லின் முனைகளை நீர் இரண்டு மூன்று பக்கங்களிலிருந்து தாக்குவதால் அவையே முதலில் உதிர்கின்றன. சதுரமாக இருந்த கல் உருண்டையாகிறது. உதிர்ந்த மண்ணை மழை அடித்துச் சென்றபின் உருண்டைகள் மட்டும் குன்றாக எஞ்சி நிற்கின்றன.

உதிர்ந்த மண்ணும் மணலும் வீணாகவில்லை. செஞ்சிப் பகுதியிலிருந்து புறப்படும் சங்கராபரணி ஆறு அவற்றைச் சுமந்து, வீடூர், திருவக்கரை வழியாகச் சென்று, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. நாம் நெல்லும் மணிலாவும் விளைவிக்கும் மண் ஒரு காலத்தில் பாறையாக இருந்ததுதான்!

இதைச் செய்தது இடியும் மின்னலும் அல்ல. ஓயாமல் விழுந்த துளிகள். நற்செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. ரமளானில் மட்டும் வெள்ளமாய்ப் பெருகி, ஷவ்வாலில் வற்றிவிடும் வணக்கத்தைவிட, நாள்தோறும் ஓதும் ஒரு பக்கம் குர்ஆன் உள்ளத்தை அதிகமாகப் பண்படுத்தும்.

மரம் கல்லான விதம்

அதே ஆற்றங்கரையில் திருவக்கரை தேசிய கல்மரப் பூங்கா இருக்கிறது. 1781 ஆம் ஆண்டில் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இந்தக் கல்மரங்களைப் பற்றி முதன்முதலில் எழுதினார். அவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது புவியியல் துறையின் கணிப்பு. கிளையும் வேரும் இன்றி அடிமரங்களாகவே கிடப்பதால், பழங்கால வெள்ளம் அவற்றை வேறிடத்திலிருந்து உருட்டி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். மணலில் புதையுண்ட மரங்களுக்குள் ஊறிய நீர், தன்னில் கரைந்திருந்த சிலிக்காவை நாருக்கு நாராகப் படியவிட்டது. ஆண்டு வளையங்கள் கூட அழியாமல் மரம் கல்லாயிற்று.

சிந்தியுங்கள் சகோதரர்களே! ஓரிடத்தில் நீர் கல்லை மண்ணாக்கியது. மற்றோரிடத்தில் பசுமரத்தைக் கல்லாக்கியது. பார்ப்பதற்கு இன்றும் அது மரம்தான், தட்டினால் கல். முன்பு வேதம் கொடுக்கப்பட்டோர் மீது காலம் நீண்டபோது அவர்களின் உள்ளங்கள் இறுகிப்போயின என்றும், அவர்களைப் போல் ஆகிவிடாதீர்கள் என்றும் அல்ஹதீத் அத்தியாயத்தின் 16 ஆவது வசனம் நம்மை எச்சரிக்கிறது. தொப்பியும் தாடியும் தொழுகையும் இருந்தும், உள்ளே ஈரம் வற்றிப்போன மனிதன் அந்தக் கல்மரத்தைப் போன்றவன் அல்லவா? பாறைகளிலும் ஆறுகள் பீறிடுவன உண்டு, பிளந்து நீர் சுரப்பன உண்டு, இறையச்சத்தால் உருண்டு விழுவன உண்டு. ஆனால் இறுகிய உள்ளம் அதைவிடக் கடினமானது என்று அல்பகரா அத்தியாயத்தின் 74 ஆவது வசனம் உணர்த்துகிறது.

பள்ளம் பெரிதாகும் முன்னே

வானூர் வட்டாரத்துச் செம்மண் மேடுகளில், ஆளை விழுங்கும் ஆழத்தில் அரிப்புப் பள்ளங்களைப் பார்க்கிறோம். அவை ஒரே நாளில் உண்டானவை அல்ல. மரங்களை வெட்டி மேட்டை மொட்டையாக்கிய பின், முதல் மழையில் விரலளவுக் கோடு விழுந்திருக்கும். அன்று ஒரு மண்வெட்டி மண் போட்டிருந்தால் அடைந்திருக்கும். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த மழை அதே கோட்டில் ஓடியது. கோடு வாய்க்காலாகி, வாய்க்கால் ஓடையாயிற்று.

நம் குடும்பங்களில் நடப்பதும் இதுவே. பாகப்பிரிவினையில் ஒரு சொல். திருமண விருந்தில் அழைப்பு விடுபட்ட ஒரு குறை. விரலளவுக் கோடுதான்! அன்றே சென்று ஸலாம் சொல்லியிருந்தால் அடைந்திருக்கும். விட்டுவிட்டோம். இன்று அண்ணனும் தம்பியும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறார்கள். ஸலாம் கொடுத்ததும் வெவ்வேறு வாசல் வழியே வெளியேறுகிறார்கள். பெரியத்தா யார், சித்தப்பா யார் என்று தெரியாமல் பிள்ளைகள் வளர்கிறார்கள். தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்குவது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்றும், இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாக்கியிருக்கிறார்கள். ஏன் மூன்று நாள்? கோடு ஓடையாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான்!

“எங்கள் பகை முப்பது ஆண்டுப் பகை, இனி எப்படி?” என்று கேட்போரும் உண்டு. அதே செம்மண் மேட்டில் 1968 இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அது பெரும்பாலும் மரமற்ற பொட்டலாக இருந்தது. அங்கே குடியேறியவர்கள் மழைநீரை மறிக்க வரப்பு எடுத்து, பள்ளங்களில் தடுப்பணை கட்டி, மரங்களை நட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த நீர் நின்று ஊறியது. இன்று அங்கே காடு நிற்கிறது. மண்ணில் உண்டான பள்ளத்தையே மனிதன் பொறுமையால் ஆற்ற முடியுமானால், இரு உள்ளங்களுக்கு இடையிலான பள்ளத்தை அல்லாஹ் ஆற்றமாட்டானா?

ஆகவே, அன்பர்களே! இன்று தொழுகை முடிந்து வெளியேறும்போது, பேசாமல் இருக்கும் உறவினர் எந்த வாசலில் செல்கிறாரோ அந்த வாசலுக்குச் செல்லுங்கள். வாதம் வேண்டாம், கணக்கு வேண்டாம், ஒரு ஸலாம் போதும். பதில் வராவிட்டால் அடுத்த ஜும்ஆவிலும் சொல்லுங்கள். முதல் துளியில் எந்தப் பாறையும் கரைந்ததில்லை.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களைக் கல்மரமாக்கிவிடாமல், ஈரமும் இரக்கமும் உள்ளவையாக ஆக்கி, அறுந்த உறவுகளை இணைத்து வைப்பானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!