சிவப்புத் திரை எச்சரிக்கை உழவர்க்கு உதவுமா?

(தென்காசியில் உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



முன்பெல்லாம் பட்டா நகலுக்குத் தாலுகா அலுவலகத்திற்கும், கணக்கில் பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்கும் நடையாய் நடந்தோம். இன்று இவற்றைக் கைபேசியிலேயே பார்த்துக் கொள்கிறோம். பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக நம் கணக்கிற்கே நேராக வந்து சேர்கிறது. பணம் வரும் வழி எளிதானதும், திருடனும் அந்த வழியையே பிடித்துக் கொண்டான்.

"உங்கள் தவணை நிறுத்தப்பட்டுள்ளது. கே.ஒய்.சி.யைப் புதுப்பிக்க இந்த லிங்க்கைத் தொடவும்" என்று ஒரு செய்தி வரும். தொட்டால், அரசு முத்திரையுடன் ஒரு பக்கம் திறக்கும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. ஆகியவற்றைக் கேட்கும். அவற்றைக் கொடுத்தால், பிசானச் சாகுபடிக்கென்று சேர்த்து வைத்த பணம் சில நிமிடங்களில் போய்விடும். புழுவை மாட்டித் தூண்டில் போடுவது போன்ற இந்த மோசடிக்கு 'ஃபிஷிங்' என்று பெயர்.

இத்தகைய பக்கத்தைத் திறக்க முயலும்போது, சில சமயம் கைபேசித் திரை முழுவதும் சிவப்பாக மாறி, "இது ஆபத்தான தளம்" என்று எச்சரிக்கை வருகிறது. இந்த எச்சரிக்கையை நம்பலாமா என்று உழவர்கள் பலர் கேட்கின்றனர்.

எச்சரிக்கை வருவது எப்படி?

இணையதளங்களைத் திறந்து காட்டும் குரோம், ஃபயர்பாக்ஸ் போன்றவற்றைப் பிரவுசர் என்கிறோம். கண்டுபிடிக்கப்பட்ட மோசடித் தளங்களின் பட்டியல் ஒன்று தொடர்ந்து தயாரிக்கப்படுகிறது. நாம் திறக்கும் முகவரி அப்பட்டியலில் இருந்தால், பிரவுசர் வழியை மறித்து எச்சரிக்கிறது. 2006-ஆம் ஆண்டு வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 2, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 ஆகியவற்றிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

பயன் உண்டா?

உண்டு. 2008-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 60 பேரைக் கொண்டு இதைச் சோதித்தனர். வழியை மறித்து நின்ற எச்சரிக்கையைக் கண்டவர்களில் 100-க்கு 79 பேர் அதற்குக் கட்டுப்பட்டனர். மறிக்காமல் பக்கத்தின் மேல் சிறிதாகத் தோன்றிய எச்சரிக்கையோ ஏறக்குறைய எவரையும் தடுக்கவில்லை. பூச்சிமருந்துப் புட்டியில் உள்ள சிவப்பு முக்கோணத்தைப் பாராமலே மருந்து கலக்குபவர்கள் நம்மிடையே இல்லையா? அதைப் போன்றதே இது.

2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு, பயன்படுத்துவோர் உண்மையில் சந்தித்த எச்சரிக்கைகளை ஆராய்ந்தது. ஃபிஷிங் எச்சரிக்கையை மீறி உள்ளே சென்றது ஃபயர்பாக்ஸில் நூற்றுக்கு 9 முறையும், குரோமில் நூற்றுக்கு 18 முறையும்தான். மற்ற வேளைகளில் எச்சரிக்கை தன் வேலையைச் செய்தது.

எச்சரிக்கை வராவிட்டால்?

கவனிக்க வேண்டியது இதுதான். குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால், காவலர்கள் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். அந்தத் தடையை நாம் மதிக்கிறோம். ஆனால் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மக்கள் குளித்துக் கொண்டிருக்கும்போதே வெள்ளம் திடீரென்று பாய்ந்து வந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். தடை இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது.

பிரவுசர் எச்சரிக்கையும் அவ்வாறே. மோசடித் தளங்கள் சராசரியாகப் பத்து நிமிடங்கூட நீடிப்பதில்லை என்று கூகுள் நிறுவனம் 2024-இல் தெரிவித்தது. அதுவரை குரோம் தன்னிடமுள்ள பட்டியலை 30 முதல் 60 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் புதுப்பித்து வந்தது. இதனாலேயே அவ்வாண்டு முதல் அவ்வப்போதே சரிபார்க்கும் முறை கொண்டு வரப்பட்டது. ஆயினும் இன்று காலை முளைத்த களை போன்ற புதிய தளம் கண்ணில் படாமல் தப்பக்கூடும். மேலும், தொலைபேசியில் ஒருவன் பேசி ஓ.டி.பி. கேட்டால் அங்கே பிரவுசருக்கு வேலையே இல்லை.

ஆகவே, கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. சிவப்புத் திரை தோன்றினால் உடனே திரும்பிவிடுங்கள். "விவரங்கள்" என்பதைத் தொட்டு உள்ளே செல்ல வழி தேடாதீர்கள்.

2. செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மத்திய, மாநில அரசுத் தளங்களின் பெயர் பெரும்பாலும் 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்றே முடியும். வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயருக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. இவ்வெழுத்துகளுக்குப் பின்னும் புள்ளி வைத்து வேறு பெயர் தொடர்ந்தால், அது பிறருடைய தளம்.

3. வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' கோப்பைத் திறந்து கைபேசியில் ஏற்றாதீர்கள். தெரிந்தவர் அனுப்பியிருந்தாலும் அவரிடம் பேசிக் கேளுங்கள். அவருடைய கைபேசியே திருடன் கையில் இருக்கலாம்.

4. ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். வங்கி அதிகாரி என்று சொல்பவருக்கும் இது பொருந்தும்.

5. பிரவுசரை அவ்வப்போது புதுப்பித்து, அதிலுள்ள பாதுகாப்பு ஏற்பாட்டை அணைக்காமல் வைத்திருங்கள்.

6. தவணை பற்றி ஐயம் இருந்தால், அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ நேரில் கேளுங்கள்.

7. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் புகார் சென்றால், அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. நாளை பார்த்துக் கொள்ளலாம் என்றால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

உழவர்களே, மடை உடைந்த பின் மண்வெட்டி தேடுவதில் பயனில்லை. எச்சரிக்கை வந்தால் மதியுங்கள். வராதபோதும் முகவரியைப் பாருங்கள். இதை வீட்டிலுள்ள பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லி, பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் காத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.