மேசைக்கு இந்தப் பக்கம்



மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டிலேயே 28 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. 2016 இல் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது.

ஆனால் எங்களோடு படித்த ஒருத்தி, அறிவுவளர்ச்சி குன்றிய மகனின் கொடுப்பனவுக்காக நான்கு தடவை அலைந்தாள். “ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார்கள். கூட்டிப் போனாள். சனநெரிசல் தாங்காமல் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். “பிள்ளையை அடக்கத் தெரியாதோ?” என்றார் ஒருவர். பிள்ளைக்கு முப்பது வயது! சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுகிறார்கள். இவனுக்கு எது சாய்தளம்?

நேரம் குறித்துக் கொடுக்கலாம். சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. எங்களிலும் பலர் அந்த மேசைகளில் இருந்தவர்கள்தானே. நாங்களும் “நாளைக்கு வாங்கோ” சொன்னவர்கள்தான்.

“எனக்குப் பிறகு இவனுக்கு ஆர்?” என்று அவள் கேட்டதற்கு எங்களிடம் பதிலில்லை. அடுத்த கிழமை எங்களில் இருவர் அவளோடு போகிறோம்.