மூக்கும் தொண்டையும் பல்லும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மண்டப வாசலில் பழைய வகுப்புப் படங்களை மாட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றில் எல்லோரும் சிரிக்க, இரண்டாம் வரிசையில் ஒருத்தி மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். அது நான்தான். கோபத்தில் அல்ல, பல்லை மறைக்கத்தான் அப்படி நின்றேன். படம் எடுத்து முடியும்வரை மூச்சையும் அடக்கியிருந்தேன். வாயை மூடினால் எனக்கு மூச்சு வராது.

கினிகத்தேனை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் லயத்துக் காம்பராவின் சுவர் காய்ந்த நாட்கள் குறைவு. போதாததற்கு விறகடுப்புப் புகை. எனக்கு எப்போதும் மூக்கடைப்பு. வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குவேன். விடியும்போது தலையணை நனைந்திருக்கும், தொண்டை வறண்டிருக்கும். பகலில் வகுப்பில் தூங்கி வழிவேன். "வாயைப் பிளந்துகொண்டு என்ன கனவு?" என்று கூட இருந்த பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

சளிக்கு ஒரு மருந்து, தொண்டை நோவுக்கு இன்னொரு மருந்து, சொத்தைப் பல்லைப் பிடுங்கி எறிவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே பார்த்தோம். மூன்றுக்கும் தொடர்பு உண்டு என்று நான் அறிந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

அந்தத் தொடர்பு இதுதான். மூக்கின் பின்பக்கத்தில், உள்நாக்குக்கு மேலே, அடினொயிட் என்ற சதை இருக்கிறது. சிறு வயதில் பெருத்து, பதின்ம வயதில் சுருங்கும். அது அளவுமீறிப் பெருத்தால் மூச்சும் பேச்சும் கேட்கும் திறனும் கெடும் என்பதை டென்மார்க் வைத்தியர் வில்ஹெல்ம் மேயர் 1868இல் விளக்கினார். டொன்சில் வீக்கமும் ஒவ்வாமையும் சேர்ந்தால் பிள்ளை வாயாலேயே மூச்சு விடும். மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைத் தடுத்து அனுப்பும். வாய்க்கு அந்தத் திறமை இல்லை. அதனால் தொண்டை புண்ணாகும். உமிழ்நீர் காய்வதால் சொத்தையும் முரசு வீக்கமும் வரும். வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் பொருந்தி, மேல்தாடை அகன்று வளர உதவும். வாய் திறந்தே இருந்தால் நாக்கு கீழே இறங்கும். தாடை ஒடுங்கி, பற்களுக்கு இடம் போதாமல் நெருக்கியடித்து முளைக்கும்.

வளர்ந்து முடிந்த என் தாடையை மருந்து திருத்தாது. ஆகவே இதனோடு வாழப் பழகிக்கொண்டேன். கொதித்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறேன். வைத்தியர் தந்த மூக்கு ஸ்ப்ரேயை விடாமல் பாவிக்கிறேன். சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால் உடனே தண்ணீரால் வாய் கொப்பளிக்கிறேன். இரவில் புளோரைட் பற்பசையால் பல் துலக்கியபின் எதுவும் சாப்பிடுவதில்லை.

என் மகள் ஐந்து வயதில் குறட்டை விட்டபோது நான் காத்திருக்கவில்லை. காது மூக்கு தொண்டை வைத்தியரிடமும் பல் வைத்தியரிடமும் காட்டினேன். அவளுக்கு அடினொயிட்டை அகற்ற வேண்டி வந்தது. பிறகு மேல்தாடையை அகலமாக்கும் கருவியும் மாட்டினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. சிலருக்கு மருந்து போதும், சிலருக்கு வளர வளரச் சரியாகிவிடும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். கூட்டிக்கொண்டு போக வேண்டியவர்கள் நாம்.

சகோதரிகளே, நம்மில் பலர் ஆசிரியைகள், தாய்மார், பாட்டிமார். நீங்கள் கொழும்பில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் இன்றிரவு தூங்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வாய் திறந்திருக்கிறதா? தூக்கத்தில் மூச்சு நின்று திணறி வருகிறதா? கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருக்கிறதா? எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இரு வைத்தியர்களிடமும் காட்டுங்கள். இங்கிருப்பவர்களுக்கு நாவலப்பிட்டி, கம்பளை வழியே பேராதனை தூரமில்லை. அங்கே பல் போதனா வைத்தியசாலையும் இருக்கிறது, சிறுவர் வைத்தியசாலையும் இருக்கிறது.

வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன், அவள் இரவில் எப்படி மூச்சு விடுகிறாள் என்று கேளுங்கள்.

சற்று நேரத்தில் குழுப்படம் எடுக்கப் போகிறார்கள். என் பல் இன்னும் கோணல்தான். ஆனாலும் இந்த முறை சிரிக்கப் போகிறேன்.