மறு ஏற்றுமதி வாணிபத்திற்கு முதல் எவ்வளவு?



ஒரு துறையில் இறக்கிய சரக்கை மறு துறைக்கு ஏற்றி அனுப்பும் வாணிபத்திற்கு முதல் எவ்வளவு என்று கேட்டால், நம் இளைஞர்கள் சரக்கின் விலையை மட்டுமே சொல்கிறார்கள். பணம் முடங்கிக் கிடக்கும் காலத்தை யாரும் எண்ணுவதில்லை.

நம் அண்டையிலுள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கினர். (அடிமைகளையும் ஏற்றினர், அந்தப் பாவக் கணக்கு வேறு.) 1619க்குப் பின் அத்துணி படேவியா பண்டசாலையில் இறங்கி, பருவக்காற்றுக்குக் காத்திருந்து, மலுக்குத் தீவுகளில் கிராம்பாகவும் சாதிக்காயாகவும் மாறியது. முதல் முன்பணம் திரும்புமுன் அடுத்த முன்பணம் கையில் இருந்தாக வேண்டும்.

ஆண்டுக்கு 12 இலட்ச ரூபாய்ச் சரக்கு என்று வையுங்கள். வாங்கிய நாளிலிருந்து பணம் கைக்கு வர 4 மாதமானால், சரக்குக்கு 4 இலட்சம் போதும். 6 மாதமானால் 6 இலட்சம். கப்பல் கூலி, கிட்டங்கி வாடகை, சுங்கப் பிணை ஆகியவை தனி. வாங்கியவர் தவணை தாழ்த்தினால் தாங்குவதற்கும் ஒரு தொகை வேண்டும்.

ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் இடும் முளாரபாவில் முதலின் தொகை தெளிவாகத் தெரிந்திருப்பது ஷர்த்து. ஆகவே இவற்றையெல்லாம் கூட்டிய பிறகே ஒப்பந்தத்தில் தொகையை எழுதுங்கள்.