அசைவைப் பிடித்த கதை

பதுளைப் பக்கத்துக் கொஸ்லந்தவின் தேயிலை மலைச்சரிவிலே, தலையில் மடித்துப் போட்ட துணியின்மேல் கயிற்றைப் பதித்து முதுகிலே கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, பிடி நிறைந்த கணத்தில் திரும்பியும் பாராமல் தோளுக்கு மேலாக எறிகின்ற பெண்ணொருத்தியை எத்தனை நாழிகை நின்று பார்த்தாலும், அவள் விரல் எப்போது மடங்கியது, தோள் எப்போது திரும்பியது என்பதை நம் கண் பிரித்தறிவதில்லை. இக்குறையைத் தீர்க்கப் பிறந்த சாஸ்திரமே ‘மோஷன் கேப்சர்’ எனப்படும் அசைவுப் பதிவு. 2014இல் வந்த ‘கோச்சடையான்’ வாயிலாகத் தமிழரிற் பலர் இதன் பெயரைக் கேட்டனராயினும், இது சினிமாவுக்கே மூத்தது.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் மரே, 1882இல் துப்பாக்கி வடிவிலே ஒரு காமிரா செய்து விநாடிக்கு 12 படம் பிடித்தார். மறு ஆண்டு ஒருவருக்குக் கறுப்பு உடை உடுத்தி, கைகால் நெடுக வெள்ளைக் கோடிட்டு, கருந்திரைமுன் ஓடவிட்டபோது, ஆள் மறைந்து கோடுகள் மாத்திரம் படத்தில் எஞ்சின. 1891இல் லைப்சிக் நகரத்து ஆய்வாளர் பிரௌனேயும் ஃபிஷரும் ஒருவரின் அவயவங்களில் ஒளிக்குழாய் கட்டி இருளிலே நடக்கவிட்டு, நான்கு காமிராக்களின் துணையால் நடையை முப்பரிமாணத்தில் கணித்தனர்.

அப்பால் இவ்வித்தை தொழிற்சாலைக்குள் புகுந்தது. அமெரிக்காவின் கில்பிரெத் தம்பதியர் தொழிலாளியின் விரலிலே சிறு மின்விளக்கைப் பொருத்தி, அதன் ஒளிச்சுவட்டைக்கொண்டு, ஒரு வேலைக்குரிய ஒரே சிறந்த வழியைத் தேடினர். தோட்டத்துத் துரைமாருக்கு உவப்பான தேடல்! மாஸ்கோவிலே பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், 1920களில், கைதேர்ந்த தொழிலாளர் சுத்தியல் வீசுவதைப் பதிந்து பார்த்தபோதோ, அடி விழும் இடம் மாறாதிருக்க, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் முன்சென்ற வழியில் மறுமுறை செல்லவில்லை. செடிக்குச் செடி உயரமும் சரிவும் வேறுபடும் தேயிலை மலையிலே நிற்பவருக்கு, பெர்ன்ஸ்டைன் கண்டதே மெய்யென்று படும்.

நமக்கு மிக நெருங்கிய ஆராய்ச்சி கென்யாவில் நிகழ்ந்தது. தலையிலே சுமக்கும் லுவோ பெண்களும், நம் பெண்களைப் போலவே தலையில் பட்டியிட்டு முதுகிலே சுமக்கும் கிக்குயுப் பெண்களும் நடக்கையில் செலவிடும் பிராணவாயுவை அளந்தவர்கள், உடல் எடையில் ஐந்திலொரு பங்குவரை சுமை ஏறியும் செலவு கூடவில்லை என்று 1986இல் அறிவித்தனர். பின்னர் 1995இல், கடிகார ஊசல்போல் ஊசலாடும் நடையிலே, சுமை ஏறியபோது சக்தி வீணாவது அவர்களிடம் குறைந்ததே அதன் ரகசியம் என்று விளங்கிற்று. இது சமதளத்து நடையின் கணக்கு. வழுக்கும் சரிவில், மழையில் நனைந்த கொழுந்தோடு நாள் முழுதும் நிற்கின்ற முதுகின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கை எடுக்க, பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பயிலும் இளைஞர் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், கொழுந்து நிறுக்குமிடத்தில் கூடையை இறக்கிவிட்டுக் கொழுந்து பறிக்கும் பெண் இடுப்பிலே கையூன்றி நிமிரும் அந்த ஒரு கணத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தக் கணக்கை முதலில் அவளிடமே காட்டுங்கள்.