பூட் ஆனா போதுமா? ஒரு ரேம் ஓவர்க்ளாக்கிங் கதை

(எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் ரேம் ஓவர்க்ளாக்கிங் பத்தி. ஆனா ஆரம்பிக்கிறது ஒரு மன்னிப்புல. என் டீம்ல ஒரு ஜூனியர் எழுதின கோட் மேல நான் ஒன்பது நாள் பழி போட்டேன். தப்பு அவங்க கோடுல இல்லை. என் மேஜைக்குக் கீழே, நானே ஆசையா ட்யூன் பண்ணி வச்சிருந்த டெஸ்க்டாப்ல இருந்துச்சு.

முதல்ல செட்டப். ரைஸன் 5 5600எக்ஸ் ப்ராசஸர், ஒரு பி550 மதர்போர்டு, 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு. ரேம் பெட்டியில் போட்டிருந்தது டிடிஆர்4-3200, சிஎல் 16, 1.35 வோல்ட். டிசம்பர் லீவுல வேலை இல்லாம உட்கார்ந்திருந்தேன். பயாஸுக்குள்ள போனேன். 3200-ஐ 3600 ஆக்கினேன், சிஎல் 16-ஐ அப்படியே விட்டேன், வோல்டேஜை 1.40-க்கு ஏத்தினேன். டிஆர்எஃப்சி-ன்னு ஒரு எண் 630-ல நின்னுச்சு. அதை 500-க்கு இறக்கினேன். பூட் ஆச்சு. ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். இலவசப் பதிப்புல நாலு பாஸ்தான் ஓடும். நாலும் பாஸ், ஸீரோ எரர். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்ல போட்டு, "ஸ்டேபிள் மச்சி"ன்னு எழுதினேன்.

இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம். டிடிஆர் என்றால் ஒரு க்ளாக்குக்கு ரெண்டு தடவை டேட்டா போகும். அதனால 3200 என்பதில் உண்மையான க்ளாக் 1600 மெகாஹெர்ட்ஸ். ஒரு க்ளாக் 0.625 நானோசெகண்ட். சிஎல் 16 என்றால், ரேம்கிட்ட "இந்த டேட்டா கொடு"ன்னு கேட்டு 16 க்ளாக் காத்திருக்கணும். பெருக்கினா 10 நானோசெகண்ட். 3600-ல் சிஎல் 18 வச்சாலும் அதே 10 நானோசெகண்ட்தான். 3600-ல் சிஎல் 16 வச்சா 8.9. நான் ஆசைப்பட்டது அந்த 8.9-க்கு. ரைஸன்ல இன்னொரு விஷயமும் இருக்கு. ப்ராசஸருக்குள்ளே இருக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பு, ரேம் க்ளாக்கோட ஒண்ணுக்கு ஒண்ணு ஓடினாத்தான் நல்ல பலன். 3600-க்கு அது 1800-ல் ஓடணும். இந்தத் தலைமுறை சிப்கள்ல பெரும்பாலும் ஓடும்.

எனக்கு என்ன கிடைச்சுது? எங்க ப்ராஜெக்ட் பில்ட் ஆறு நிமிஷம் எடுக்கும். அதுல 15 செகண்ட் குறைஞ்சுது. சந்தோஷமா இருந்தேன்.

இப்ப மே மாசத்துக்கு வாங்க. சென்னை, கத்திரி வெயில், என் ரூம்ல ஏசி கிடையாது. எங்களோடது சின்ன டீம், வீட்டுல இருந்து சொந்த மெஷின்லயே வேலை. ஜூனியர் ஒரு பிஆர் அனுப்பியிருந்தாங்க. பெரிய டேட்டா ஃபைலைப் படிச்சு, பெயர்களையெல்லாம் ஒரே மாதிரி எழுத்துக்கு மாத்தி, வரிசைப்படுத்தி எழுதும் வேலை. என் மெஷின்ல டெஸ்ட் ஓட்டினேன். முதல் தடவை பாஸ். ரெண்டாவது பாஸ். சாயங்காலம் ஓட்டினா செக்சம் தப்பு. மறுபடி ஓட்டினா பாஸ்.

தப்பான அவுட்புட்டை எடுத்து, சரியானதோட ஒப்பிட்டுப் பார்த்தேன். மொத்த ஃபைல்லயும் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்துச்சு. பெரிய ஏ இருக்க வேண்டிய இடத்துல சின்ன ஏ. அவங்க எழுதினதே எழுத்து மாத்துற ஃபங்ஷன். வேற என்ன ஆதாரம் வேணும்? உடனே போன் போட்டேன்.

"உன் கோடுலதான்மா பிரச்சினை. த்ரெட் எதுவோ இடிக்குது. ரேஸ் கண்டிஷன் மாதிரி இருக்கு."

"அண்ணா, என் மெஷின்ல 200 தடவை ஓட்டிட்டேன். ஒரு தடவைகூட ஃபெயில் ஆகலை. பில்ட் சர்வர்லயும் ஆகலை."

"ரேஸ் கண்டிஷன்னா அப்படித்தான் இருக்கும். தேடு."

பாவம், தேடினாங்க. ஒன்பது நாள். லாக் போட்டாங்க, லாக்கை எடுத்தாங்க, மொத்தத்தையும் ஒரே த்ரெட்டுக்கு மாத்தினாங்க. அப்பவும் என் மெஷின்ல மட்டும், அதுவும் மதியத்துக்கு மேலதான், ஃபெயில் ஆச்சு. "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்றவங்களைக் கிண்டல் பண்ற ஆள் நான். அவங்க அதையே சொன்னப்போ நான் காது கொடுக்கலை.

ஒன்பதாவது நாள் வேற இடத்துல ஃபெயில் ஆச்சு. இந்தத் தடவை எழுத்து இல்லை, எண். 3 இருக்க வேண்டிய இடத்துல 7. எழுத்து மாத்துற ஃபங்ஷனுக்கும் எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. அப்பத்தான் பேப்பர் எடுத்து பைனரியில எழுதிப் பார்த்தேன். ஆஸ்கி கணக்குல பெரிய ஏ 65, சின்ன ஏ 97. வித்தியாசம் 32, அதாவது ஒரே ஒரு பிட். எழுத்தா இருக்கும் 3-க்கு 51, 7-க்கு 55. வித்தியாசம் 4. அதுவும் ஒரே ஒரு பிட். கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. மனுஷன் எழுதுற பக் சம்பந்தமில்லாத ரெண்டு இடத்துல ஆளுக்கு ஒரு பிட்டை மட்டும் தொட்டுட்டுப் போகாது. இது ரேம்.

அன்னைக்கு மதியம் ரெண்டு மணிக்கு, ஜன்னல் எல்லாம் வெயில் அடிக்கும்போது, டெஸ்ட்மெம்5 ஓட்டினேன். பக்கத்துல கிராபிக்ஸ் கார்டுக்கும் லோடு கொடுத்தேன். 40 நிமிஷத்துல முதல் எரர்.

டிசம்பர்ல நாலு பாஸ் போன அதே செட்டிங் மே மாசம் ஏன் ஃபெயில் ஆகணும்? டிராம் என்பது அடிப்படையில் கோடிக்கணக்கான குட்டி கெபாசிட்டர்கள். ஒவ்வொண்ணும் ஒரு பிட். 32 ஜிபி என்றால் ஏறத்தாழ 27 ஆயிரம் கோடி பிட். ஓட்டைக் குடத்துல தண்ணி மாதிரி, ஒவ்வொண்ணுலயும் சார்ஜ் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால டிடிஆர்4 ரேம்ல ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லிசெகண்டுக்குள்ள ஒரு தடவை படிச்சுத் திரும்ப நிரப்பணும். இதுக்குப் பேர் ரிஃப்ரெஷ். சூடு ஏற ஏற கசிவும் ஏறும். சிப் 85 டிகிரியைத் தாண்டினா இந்த 64-ஐ 32 ஆக்கணும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது. டிஆர்எஃப்சி என்பது, ஒவ்வொரு ரிஃப்ரெஷ் வேலையையும் முடிக்க ரேமுக்கு நாம கொடுக்கிற நேரம். நான் அதைத்தான் 630-ல இருந்து 500-க்கு வெட்டியிருந்தேன். 350 நானோசெகண்ட் கேட்கிற வேலைக்கு 278 கொடுத்திருக்கேன். மார்கழிக் குளிர்ல அது சமாளிச்சுது. கத்திரியில முடியலை.

இன்னொரு தப்பும் பண்ணியிருந்தேன். மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணி ஓட்டுவோம். அப்போ கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேபினெட்டுக்குள்ள சூடே இருக்காது. நிஜ வாழ்க்கையில அப்படியா இருக்கும்? நான் டெஸ்ட் பண்ணது நான் பயன்படுத்தாத ஒரு கம்ப்யூட்டரை.

இந்த விஷயத்துல நான் மட்டும் முட்டாள் இல்லைன்னு தெரிஞ்சப்போ கொஞ்சம் ஆறுதல். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த ரேமண்ட் சென், 2005-ல் தன் வலைப்பதிவில் ஒரு சம்பவம் எழுதியிருக்கார். விண்டோஸ் க்ராஷ் ரிப்போர்ட்களைப் பார்க்கும்போது, சிலது ஒரு ரெஜிஸ்டரை ஸீரோ ஆக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷன்ல க்ராஷ் ஆகியிருக்கு. அது மெமரியைத் தொடவே தொடாது, தோற்கவே வழியில்லை. அந்த யூஸர்களைக் கேட்டா, நிறைய பேர் மெஷின் ஓவர்க்ளாக் பண்ணது. சிலருக்கு அது ஓவர்க்ளாக் பண்ண மெஷின்னே தெரியாது, கடைக்காரர் அப்படியே வித்திருக்கார். 2022-ல் லினஸ் டார்வால்ட்ஸுக்கே இது நடந்துச்சு. கம்பைல் பண்ணும்போது வந்த விநோத எரர்களைப் பார்த்து முதல்ல புது கெர்னல் பக்னு தேடினார். கடைசியில பார்த்தா ஒரு ரேம் ஸ்டிக் கெட்டுப் போயிருந்துச்சு. அவர் ஓவர்க்ளாக் பண்ணலை, அது சாதாரணப் பழுது. ஆனா பாடம் ஒண்ணுதான். ரேம் எரர் "நான் ரேம் எரர்"னு பேர் சொல்லிக்கிட்டு வராது. உங்க கோடு மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வரும்.

சரி, ஓவர்க்ளாக் பண்ணவே கூடாதா? பண்ணலாம், ஜாலியான விஷயம்தான். நான் இப்ப பின்பற்றுற வழியைச் சொல்றேன்.

ஒண்ணு, எக்ஸ்எம்பி ஆன் பண்ணாலே அது ஓவர்க்ளாக்தான். பெட்டியில இருக்கும் எண் ரேம் கம்பெனியோட வாக்குறுதி. உங்க ப்ராசஸரோட மெமரி கன்ட்ரோலரும் போர்டும் அதுக்குக் கையெழுத்துப் போடலை. நாலு ஸ்டிக் போட்டா சுமை இன்னும் கூடும். அதனால எக்ஸ்எம்பி மட்டும் போட்டு முதல்ல டெஸ்ட் பண்ணுங்க.

ரெண்டு, ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். முதல்ல டைமிங்கைத் தளர்த்தி வச்சுட்டு வேகத்தை மட்டும் ஏத்துங்க. அது நின்ன பிறகு சிஎல் மாதிரி முதல் வரிசை எண்கள். டிஆர்எஃப்சி எல்லாம் கடைசி. ஒவ்வொண்ணையும் தேதி போட்டு நோட்டுல எழுதுங்க. நான் ஒரே ராத்திரியில மூணு எண்ணை மாத்தினேன். எரர் வந்தப்போ எது காரணம்னு கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆச்சு.

மூணு, வோல்டேஜ்ல ஆட்டோவை நம்பாதீங்க. ரேம் வேகத்தை ஏத்தினா சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை தானாவே ஏத்திடும். 2023-ல் சில ரைஸன் 7000 சிப்கள் கருகிப் போனதும், ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3-ன்னு உச்சவரம்பு போட்டு புது பயாஸ் விட வைத்தது. அது ஏஎம்5 போர்டுக்கான கணக்கு. உங்க தலைமுறைக்கு என்ன வரம்புன்னு பார்த்துட்டு, நீங்களே எண்ணை டைப் பண்ணுங்க.

நாலு, போர்டு பூட் ஆகாம கறுப்பு ஸ்க்ரீன் வந்தா பயப்படாதீங்க. ரேம் ட்ரெயினிங் சில தடவை முயற்சி பண்ணிட்டு, பல போர்டுகள் தானாவே பழைய செட்டிங்குக்கு வந்துடும். வரலைன்னா சிமாஸ் க்ளியர். ஜம்பர் எங்கே இருக்குன்னு மேனுவல்ல முன்னாடியே பார்த்து வச்சுக்கோங்க. இந்த வேலை நடக்கும்போது, முக்கியமான டேட்டா இருக்கும் டிஸ்க்கைக் கழட்டி வச்சுடுங்க.

அஞ்சு, டெஸ்ட் பண்ணும்போது உங்க மோசமான நாளை உருவாக்குங்க. மத்தியான வெயில், கிராபிக்ஸ் கார்டுல லோடு, ரெண்டு மூணு வேற வேற டூல். ஒரு டூல் பிடிக்காததை இன்னொண்ணு பிடிக்கும். மறுநாள் காலையில மெஷின் ஆறின பிறகு கோல்டு பூட்டும் பண்ணிப் பாருங்க. எல்லாம் பாஸ் ஆன பிறகு ஒரு படி கீழே இறங்கி நில்லுங்க. டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னா எரர் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. பார்த்த நேரத்துல வரலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

இப்ப என் கணக்கு. ஒரு நாளைக்கு 10 பில்ட், 15 செகண்ட் மிச்சம், 100 வேலை நாள். மொத்தம் 250 நிமிஷம், நாலு மணி நேரம் சொச்சம். அதுக்கு நான் கொடுத்தது இன்னொருத்தரோட ஒன்பது நாள்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அந்த அஞ்சு மாசத்துல நான் காப்பி பண்ண எல்லாமே அந்த ரேம் வழியாத்தான் போயிருக்கு. கிட் ரெப்போவுக்குப் பயமில்லை, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் ஹாஷ் இருக்கு. கிட் எஃப்எஸ்சிகே ஓட்டினேன், சுத்தம். ஆனா போட்டோவுக்கு யார் ஹாஷ் வச்சிருக்கா? பழைய போன்ல இருந்து ஹார்டு டிஸ்க்குக்கு மாத்திட்டு, போனை அழிச்சு எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்திருந்தேன். ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேன். மூணு படம் பாதிக்கு மேல சாம்பல் நிறம். அதுல ஒண்ணு தாத்தாவோட சதாபிஷேகம். மேல பாதியில தாத்தா முகம் இருக்கு. பாட்டி இருக்க வேண்டிய இடத்துல சாம்பல் பட்டை. இதுக்கு ரேம்தான் காரணம்னு என்னால நிரூபிக்க முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. ஸ்டேபிள் இல்லாத ரேமோட உண்மையான விலை இதுதான். அதுக்கப்புறம் எதையுமே முழுசா நம்ப முடியாது.

இப்ப மெஷின் 3200, சிஎல் 16, பெட்டியில போட்டிருக்கும் அதே எண். மே மாச மதியத்துல டெஸ்ட் பண்ணி, ஸீரோ எரர். போட்டோ காப்பி பண்ணா செக்சம் பார்க்காம எதையும் அழிக்கிறதில்லை.

எரர் வந்த அன்னைக்கே ஜூனியருக்குப் போன் பண்ணேன். நடந்ததை முழுசா சொன்னேன். "சாரிம்மா, உன் கோடுல எதுவும் இல்லை. என் ரேம்"னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே கேள்வி.

"அப்போ அந்த பிஆரை மெர்ஜ் பண்ணிடலாமா அண்ணா?"

மெர்ஜ் பண்ணேன். அவங்க போட்ட முதல் கமிட்டை, அப்படியே.

இன்னைக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு மெமரி டெஸ்ட் போட்டுட்டுத் தூங்குங்க, நீங்க ஓவர்க்ளாக் பண்ணாட்டியும். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.